ஒரு பக்கம் மட்டும் மஞ்சள்

எங்கள் குழுவில் காட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. தொப்பியைப் பற்றித் தெரிந்தவர்கள் நிறைய இருந்தார்கள். நாடா வைத்த தொப்பியா, பின்னங்கழுத்தில் திரை தொங்கும் தொப்பியா என்று முதல் கூட்டத்தில் ஆரம்பித்த பேச்சு டீ ஆறிப்போகும்வரை ஓடியது. மண்வெட்டியை எப்படிப் பிடிப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்வதற்கு ஆள் கிடையாது.

நாங்கள் பராமரிக்க வேண்டியது நெடும்பாதையை. மலையோரமாகவே ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போகும் நடைவழி அது. முழுதாக நடந்து முடிக்க ஒன்றரை மாதம் பிடிக்கும். பாதைச் சங்கம் அதைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு தன்னார்வக் குழுவின் தலையில் கட்டியிருந்தது. எங்கள் ஊர் கார் நிறுத்தத்தில் தொடங்கி, மலையைச் சுற்றிக்கொண்டு கல்குவாரிச் சாலையில் இறங்கும் துண்டு எங்களுடையது. எல்லோருக்கும் வயது இருபத்தைந்தைச் சுற்றித்தான். எல்லோருக்கும் வார நாட்களில் ஏசி அறை, வாரக் கடைசியில் இயற்கை மேல் பாசம்.

கேப்டன் என்பது நாங்கள் வைத்த பெயர் இல்லை. போன் குழுவில் தன் படத்துக்குக் கீழே அவனே போட்டுக்கொண்டது. வார நாட்களில் காப்பீடு விற்பான். அந்த வாய் அவனோடு காட்டுக்குள்ளும் வந்தது. ஒரு குழியை மூடினால்கூட 'வரப்போற தலைமுறைக்காக' என்று ஏதாவது சொல்லிவிட்டு, அதைப் படம் பிடிக்கச் சொல்லிவிட்டுத்தான் மூடுவான். மாத்திரை என்று நாங்கள் கூப்பிடுகிறவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். வாயைத் திறக்காமல் வேலை செய்யும் ஒரே ஆள் அவள்தான், அதனால் ஒரு படத்திலும் அவள் கிடையாது. நான் வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் எடுக்கிறவள். "மெஷின் ஓடலை" என்று போனில் கத்துகிறவர்களிடம் "முதல்ல பிளக் போட்டிருக்கீங்களான்னு பாருங்க" என்று நாள் முழுக்கச் சொல்வது என் தொழில். பாதிப் பேர் போட்டிருக்க மாட்டார்கள். அதனால் மனித ஜாதியைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் எதுவும் இல்லை.

இந்தப் பாதையைப் பற்றி என் தம்பி கேள்விப்பட்டது என்னிடமிருந்துதான். ஒருநாள் சாப்பிடும்போது, அதை முழுக்க நடக்கப் போவதாகச் சொன்னான். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். நான் சிரித்தேன். நீச்சல் வகுப்பை ஆழம் வரும்போது விட்டவன், சமையல் படிப்பைப் பரீட்சை வரும்போது விட்டவன், யாராவது உற்றுப் பார்த்தால் பேசுகிற வாக்கியத்தையே பாதியில் விடுகிறவன். அவனாவது ஒன்றரை மாதம் நடப்பதாவது.

அப்பா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுப்பவர். அந்தக் காரில் கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், அப்பா காலடியில் இன்னொன்று. அந்த இரண்டாவது பிரேக்கிலிருந்து அவர் வீட்டில்கூட காலை எடுத்ததில்லை. தம்பிக்கு அவரேதான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் மிதித்தார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, தம்பி சாவியை மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

"பாத்துப் போ, மெதுவாப் போ, முடியலன்னா நிறுத்திக்கோ" என்றார் அப்பா. அவர் தன் மகனுக்குச் சொல்லும் எல்லா ஆசிகளும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

"நான் நம்ம ஊர்ல இருந்து ஆரம்பிக்கப் போறதில்ல" என்றான் தம்பி. "பஸ்ல அந்தக் கோடிக்குப் போயிட்டு, அங்க இருந்து நடந்து வரேன். இங்க இருந்து கெளம்பினா எப்ப வேணும்னாலும் வீட்டுக்குத் திரும்பிடலாம்னு தோணும். அங்க இருந்து வந்தா, வீட்டுக்கு வரணும்னாலே நடந்துதான் ஆகணும்."

அவன் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான யோசனை அது. அதற்கும் சிரித்தேன். யாரும் அந்தப் பக்கமிருந்து நடப்பதில்லை, வழிகாட்டிப் புத்தகங்கள் எல்லாம் எங்கள் கார் நிறுத்தத்திலிருந்துதான் தொடங்கும் என்றேன். தம்பி தலையை ஆட்டினான். மறுவாரம் போய்விட்டான்.

அவன் அங்கே நடக்க ஆரம்பித்த நேரத்தில்தான் எங்கள் குழு இங்கே வண்ணம் பூசக் கிளம்பியது. பாதை நெடுக மரங்களில் பழைய வெள்ளைப் பட்டைகள் இருந்தன. அதைப் பார்த்துத்தான் நடக்கிறவர்கள் வழி கண்டுபிடிப்பார்கள். கேப்டனுக்கு அந்த வெள்ளை பிடிக்கவில்லை, படத்தில் எடுபடவில்லையாம். பளிச்சென்று மஞ்சள் வேண்டும் என்றான். ஒரு வாரம் ஒரு கோஷ்டி போய்க் கம்பி பிரஷ்ஷால் வெள்ளையையெல்லாம் சுரண்டிவிட்டு வந்தது. அடுத்த வாரம் நாங்கள் பூசப் போனோம். கேப்டன் பிளாஸ்டிக் அட்டையில் நீள்சதுரமாக ஓட்டை வெட்டி எடுத்து வந்திருந்தான். அதை மரத்தில் வைத்து, மட்டம் பார்த்து, உள்ளே பூச வேண்டும். பிரஷ் என் கையில். ஒரு பட்டை லேசாகச் சாய்ந்துவிட்டது என்று துடைத்துவிட்டுத் திரும்பப் பூச வைத்தான். நிலைப்படிக்கு வாஸ்து பார்க்கிறவன்கூட அவ்வளவு பார்க்க மாட்டான்.

காலையில் வண்டி எங்களைக் கார் நிறுத்தத்தில் இறக்கிவிடும். பூசிக்கொண்டே முன்னால் போவோம். சாயங்காலம் அதே வண்டி மலையைச் சுற்றி வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும். ஏறினால் தூக்கம், கண் விழித்தால் வீடு. எங்களில் ஒருவர்கூட அந்தப் பாதையில் ஒரு தடவையாவது திரும்பி நடந்ததில்லை. திரும்பி நடப்பதற்கு என்ன அவசியம் என்று யாரும் யோசிக்கவும் இல்லை. சங்கத்திலிருந்து பார்வையிட வந்த அம்மாவும் கார் நிறுத்தத்திலிருந்து நடந்து போய், எங்கள் வண்டியிலேயே திரும்பினார். எங்களுக்கே 'சிறந்த பகுதி' கேடயம் என்று அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை கார் நிறுத்தத்தில் விழா, குடும்பத்தோடு வரவும்.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சாயங்காலம் தம்பியின் போன் வந்தது. அவன் போன் ஆற்றில் விழுந்து செத்துப் போயிருந்தது. கல்குவாரிச் சாலையில் இருக்கும் டீக்கடைக்காரரின் போனிலிருந்து பேசினான். மொத்தப் பாதையும் முடிந்து, எங்கள் துண்டு ஒன்றுதான் பாக்கி.

"அக்கா, இந்தப் பகுதியில மட்டும் பட்டையே இல்லக்கா."

"எந்தப் பகுதியில?"

"உங்களுதுல."

எனக்குச் சுருக்கென்றது. "என் கையால பூசினதுடா அது. கண்ணு கூசுற மஞ்சள்."

"ரெண்டு தடவ உள்ள போயிட்டு வந்துட்டேன்க்கா. மரம் வெட்டுறவங்க வழி குறுக்க நெறைய போகுது. எதுல போனாலும் சுத்திச் சுத்தி இந்த ரோட்டுக்கே வந்து நிக்கிறேன். ஒரு பட்டகூட…"

அதற்கு மேல் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. ஆபீஸ் குரலை எடுத்தேன். "சார், முதல்ல பிளக் போட்டிருக்கீங்களான்னு பாருங்க."

அந்தப் பக்கம் லாரி ஒன்று கடந்து போவது மட்டும் கேட்டது.

"சரிக்கா" என்றான். "நான் நாளைக்கு பஸ்ஸப் பிடிச்சு வந்துடறேன்."

சோபாவிலிருந்து அப்பா "என்னவாம்?" என்றார். வழி தெரியவில்லையாம், பஸ்ஸில் வருகிறானாம் என்றேன். "நான் சொன்னேன்ல" என்றார். அதில் வருத்தம் துளிகூட இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருகிறவர் முகத்தில் இருக்கும் நிம்மதி இருந்தது. அம்மா மட்டும் "கடைசித் துண்டுதானேடி, இவ்வளவு தூரம் வந்துட்டானே" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

எனக்கு எரிச்சல் மண்டையைப் பிளந்தது. அப்பா மேல் பாதி, தம்பி மேல் பாதி. மட்டம் பார்த்துப் பூசிய பட்டையை இல்லை என்கிறான்! டீக்கடைக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு, அவனை அங்கேயே நிற்கச் சொல்லச் சொன்னேன். காதைப் பிடித்து இழுத்துப் போய் ஒவ்வொரு பட்டையாகக் காட்டுவது என்ற ஒரே எண்ணத்தோடுதான் மறுநாள் முதல் பஸ் ஏறினேன்.

தம்பி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பாதியாக இளைத்திருந்தான். தாடி, கிழிந்து தைத்த பை, ஷூவைச் சுற்றிக் கயிறு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பெருமைப்பட வேண்டிய இடம்தான். நான் பட்டாளம் மாதிரி "வா" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குள் நுழைந்தேன்.

முதல் மரத்தில் பட்டை இல்லை. சரி, அடுத்ததில் இருக்கும். அடுத்ததிலும் இல்லை. வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் கட்டாயம் பூசியிருந்தேன், எனக்கு நன்றாக நினைவிருந்தது. அங்கேயும் இல்லை. கம்பி பிரஷ்ஷால் சுரண்டிய காயம் மட்டும் இருந்தது. தம்பி சாதுவாகப் பின்னால் வருவதே எனக்கு ஆத்திரமாக வந்தது. எந்தப் பரதேசியோ நம் பட்டையை எல்லாம் அழித்திருக்கிறான், நீயும் அதைப் பார்த்துக்கொண்டு வாயில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறாய் என்று ஒரு பாட்டம் திட்டுவதற்காகத் திரும்பினேன்.

அவன் தோளுக்குப் பின்னால், நாங்கள் இப்போதுதான் கடந்து வந்த மரத்தில், மஞ்சள் பளிச்சென்று இருந்தது. மட்டம் பிசகாமல், நான்கு மூலையும் கச்சிதமாக.

ஓடிப் போய் அடுத்த மரத்தைப் பார்த்தேன். அதற்கடுத்ததைப் பார்த்தேன். எல்லாப் பட்டைகளும் கார் நிறுத்தத்திலிருந்து வருகிறவனைப் பார்த்து நின்றன. சுரண்டிய கோஷ்டி ஒழுங்காக மரத்தைச் சுற்றிச் சுரண்டியிருந்தது, ஏனென்றால் பழைய ஆட்கள் இரண்டு பக்கமும் பூசியிருந்தார்கள். நாங்கள் எங்கள் மூக்குக்கு நேரே இருந்த பக்கத்தை மட்டும் பூசிவிட்டு, கேடயமும் வாங்கப் போகிறோம். நெடும்பாதையில் நடக்கிறவனுக்கு இரண்டு திசை உண்டு என்பது தொப்பி போட்ட அத்தனை தலையில் ஒன்றுக்கும் தோன்றவில்லை, என் தலை உட்பட.

தம்பி அந்த மஞ்சளையே கொஞ்ச நேரம் பார்த்தான். "நல்லா பூசியிருக்கீங்கக்கா" என்றான். கிண்டலா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டீக்கடைக்கு வந்து கேப்டனைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் பக்கமா யாரு வர்றாங்க?" என்றான்.

"என் தம்பி வர்றான்."

"அது ஒருத்தர். நான் பொதுவா சொல்றேன். பேசாம ஒருவழின்னு ஒரு போர்டு வச்சிடலாம். நான் இன்னிக்கே அடிக்கச் சொல்றேன்."

"இது மலை கேப்டன், மெயின் ரோடு இல்ல. ஒருவழியாம்!"

"நாளைக்குக் கேடயம். இப்பப் போய் மரத்துல கைய வச்சு அசிங்கம் பண்ணிடாத, ப்ளீஸ். விழா முடியட்டும், கமிட்டி போட்டுப் பேசலாம்."

கமிட்டி! வைத்துவிட்டு மாத்திரைக்குப் போட்டேன். பெயிண்ட் இருக்கும் அறையின் சாவி அவளிடம்தான். அவள் ஏன் என்று கேட்கவில்லை, "எத்தன டப்பா?" என்றாள். மத்தியானத்துக்குள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள், மேலெல்லாம் குவாரித் தூசி. நீள்சதுர அட்டையைக் கொண்டு வரவில்லை. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று நான் கேட்கவில்லை.

"நீங்க முன்னாடி பூசிக்கிட்டே போங்க" என்றான் தம்பி. "நான் அப்புறமா வரேன். உங்க முதுகப் பார்த்துக்கிட்டே வந்தா அது நான் நடந்ததா ஆகாது."

"மழ வர்ற மாதிரி இருக்குடா. பாத்து வா, மெதுவா…" என்று ஆரம்பித்தேன். அப்பா குரல் என் வாயிலிருந்து வருவது எனக்கே கேட்டது. பாதியில் நிறுத்தினேன்.

வெளிச்சம் இருக்கும்வரை பூசினோம். நடுவழியில் நடப்பவர்களுக்கென்று இருக்கும் தகரக் கொட்டகையில் படுத்தோம். முழுக்க இருட்டும் முன்னால் தம்பியும் வந்து சேர்ந்து, மூலையில் சுருண்டுகொண்டான். விடிந்ததும் நாங்கள் கிளம்பினோம், அவன் தலைமுடியைக் கோதிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பட்டைகள் கோணல் மாணலாக வந்தன. ஒன்றில் பெயிண்ட் வழிந்து மரத்தின் அடிவரை போனது. எனக்கு அதைத் துடைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

கார் நிறுத்தத்துக்கு நாங்கள் வெளியே வந்தபோது விழா நடந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக், மேசையில் கேடயம். முன் வரிசையில் அப்பாவும் அம்மாவும். பாதை முடியும் இடத்தில் இருக்கும் மரத்தூணுக்கு வார்னிஷ் அடித்திருந்தார்கள். முழுப் பாதையையும் நடந்தவர்கள் அந்தத் தூணைத் தொட்டால்தான் முடித்ததாகக் கணக்கு. தூணுக்குப் பக்கத்திலேயே கேப்டனின் புதுப் போர்டு: 'ஒருவழிப் பாதை. எதிர்த் திசையிலிருந்து வர வேண்டாம்.' எதிர்த் திசையிலிருந்து வருகிறவன் முழுக்க நடந்து முடித்த பிறகுதான் அதைப் படிக்க முடியும். அதுவும் போர்டு கார் நிறுத்தத்தைப் பார்த்து இருந்ததால், தூணைத் தாண்டிப் போய்த் திரும்பி நின்று படிக்க வேண்டும். இந்த மூளையை வைத்துக்கொண்டு இவன் எப்படிக் காப்பீடு விற்கிறான் என்று யோசித்தேன். வாங்குகிறவர்களும் இருக்கிறார்களே.

பெயிண்ட் டப்பாவோடு போய் அம்மா பக்கத்தில் நின்றேன். "எங்கடி அவன்?" என்றாள். "வர்றான்" என்றேன். அப்பா "பஸ் எத்தன மணிக்கு?" என்றார்.

கேப்டன் மைக்கில் வரப்போற தலைமுறையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது தம்பி மரங்களுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தான். எதிரே அத்தனை நாற்காலிகளையும் முகங்களையும் பார்த்ததும் நின்றுவிட்டான். தூண் ஒரு நாலைந்து எட்டில்தான் இருந்தது.

"தம்பி, நிகழ்ச்சி நடக்குது" என்றது மைக். "அந்தப் பக்கமா வரக் கூடாது. அப்படியே ஓரமா சுத்தி வந்துடுங்க."

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நிற்பு எனக்குத் தெரியும். நீச்சல் குளத்தில் அப்படித்தான் நின்றான், சாவியை மேசையில் வைக்கும் முன்னால் அப்படித்தான் நின்றான். அடுத்து என்ன செய்வான் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். சுற்றி வந்தால் தூணைத் தொடாமலே கார் நிறுத்தத்துக்கு வந்துவிடலாம். ஒன்றரை மாதம் நடந்துவிட்டு, ஒரு காப்பீடு விற்பவன் சொன்னதற்காக நாலு எட்டை விட்டுவிடப் போகிறான்.

அப்பா எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. பார்த்து, மெதுவா, நிறுத்து, இந்த மூன்றில் எது வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வாடா" என்றார். குரல் உடைந்து, ஊருக்கே கேட்கும்படி வந்தது. "நேரா வா. எவன் சொன்னாலும் நிக்காத."

தம்பி நிமிர்ந்தான். வந்தான். போர்டைத் தோளால் இடித்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் தூணைப் பிடித்தான். கையை எடுத்தபோது புது வார்னிஷ் மேல் இரண்டு மஞ்சள் உள்ளங்கைகள் பதிந்திருந்தன. கேப்டன் மைக்கை மறந்து "ஐயோ" என்றான், அது ஸ்பீக்கரில் நன்றாகவே கேட்டது.

அப்பா அவனைக் கட்டிப்பிடித்தார். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், பையோடு சேர்த்துப் பிடித்தார். அம்மா அழுதாள். சங்கத்து அம்மா, மஞ்சள் கைகளையும் எங்கள் பெயிண்ட் டப்பாவையும் பார்த்து விசாரித்தார். கேப்டன் ஒரு நொடி முழித்துவிட்டு, இருபக்கமும் அடையாளமிடும் எங்கள் குழுவின் புதிய திட்டம் இது என்று மைக்கில் அறிவித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். கேடயத்தோடு படம் எடுத்தார்கள். மாத்திரையும் நானும் அதில் இல்லை, கேடயம் பளபளவென்று இருக்கிறது.

கூட்டம் பிஸ்கட் பக்கம் நகர்ந்ததும் தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கயிற்றை அவிழ்த்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். கால் பார்க்கச் சகிக்கவில்லை.

"கையெல்லாம் என்னடா பெயிண்ட்?"

"ஒவ்வொண்ணையும் தொட்டுத் தொட்டு வந்தேன். நெஜமாவே இருக்குதான்னு."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். எங்க தப்புதான்டா, சிரிச்சிருக்கக் கூடாது, இப்படி ஏதோ. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். அவன் ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டு, மஞ்சள் கையாலேயே வாயைத் துடைத்தான்.

"பிளக் போட்டுத்தான்க்கா இருந்தேன்" என்றான்.